பெருந்தொகை ஆயுள் காப்பீடு: பிரீமியத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

ஆயுள் காப்பீட்டில் பிரீமியம் என்பது, ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பத்துக்குக் குறிப்பிட்ட தொகையைத் தருவதாக ஒப்புக்கொள்ளும் நிறுவனத்துக்கு அவர் செலுத்தும் விலையாகும். காப்புத் தொகை பெரிதாக இருக்கும்போது அது பெருந்தொகைக் காப்பீடு எனப்படுகிறது. இதற்குச் சட்டத்தில் தனி வரையறை இல்லை. இந்தியாவில் இன்று பொதுவாக ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள பாலிசிகளை இப்படிக் குறிப்பிடுவர்.

ஒரே வயதுடைய இருவர் ஒரே நாளில், ஒரே நிறுவனத்தில், ஒரு கோடி ரூபாய்க்கு விண்ணப்பித்தாலும் இருவருக்கும் ஒரே விலை சொல்லப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. வயது, உடல்நிலை, புகையிலைப் பழக்கம், தொழில், வருமானம், பாலிசியின் காலம், அதன் வகை, வரி ஆகிய ஒவ்வொன்றும் அந்த விலையில் ஒரு பங்கு வகிக்கிறது. இவற்றுள் சில நம் கையில் உள்ளவை. சில நம் கையில் இல்லாதவை. எது எது என்று தெரிந்துகொண்டால் தேவையற்ற செலவைக் குறைக்கலாம். அதைவிட முக்கியமாக, குடும்பத்துக்குப் பணம் கிடைக்காமல் போகும் நிலையைத் தவிர்க்கலாம்.

அடிப்படைக் கணக்கு

காப்பீடு என்பது பலரிடம் சிறு தொகை பெற்று, இழப்பு நேர்ந்த சிலருக்குப் பெருந்தொகை தரும் ஏற்பாடு. ஆகவே, ஓர் ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதே விலையின் முதல் கேள்வி.

இந்தியாவில் இதற்கு, காப்பீடு செய்துகொண்டவர்களின் உண்மையான இறப்பு விவரங்களிலிருந்து தொகுக்கப்பட்ட அட்டவணை பயன்படுகிறது. இந்திய ஆக்சுவரிகள் கழகம் வெளியிட்ட 2012-14ஆம் ஆண்டுகளுக்கான அட்டவணை 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. (ஆக்சுவரி என்பவர் காப்பீட்டுக் கணக்குகளில் தேர்ந்த கணிதவியலாளர்.) அந்த அட்டவணைப்படி 30 வயதினரில் ஆயிரத்துக்குச் சுமார் ஒருவர் அந்த ஆண்டில் இறக்கிறார். 40 வயதில் இது சுமார் 1.7, 50 வயதில் சுமார் 4.4, 60 வயதில் சுமார் 11 என உயர்கிறது.

இதை ஒரு வகுப்பறைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 30 வயதுடைய 10,000 பேர் தலா ஒரு கோடி ரூபாய்க்குக் காப்பீடு செய்கிறார்கள். அவர்களில் அந்த ஆண்டில் 10 பேர் இறந்தால், தர வேண்டிய தொகை 10 கோடி. அதை 10,000 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 10,000 ரூபாய். இதே கணக்கில் 40 வயதினருக்கு 17,000 ரூபாயும், 50 வயதினருக்கு 44,000 ரூபாயும், 60 வயதினருக்கு ஒரு லட்சத்து 10 ஆயிரம் ரூபாயும் வரும்.

இது ஓராண்டுக்கான வெறும் இறப்புச் செலவு மட்டுமே. நிறுவனங்கள் இதனுடன் நிர்வாகச் செலவு, முகவர் கமிஷன், முத்திரை வரி, இலாபம் ஆகியவற்றைக் கூட்டும். முன்கூட்டி வாங்கும் பணத்தை முதலீடு செய்து கிடைக்கும் வட்டியைக் கழிக்கும். மருத்துவப் பரிசோதனையில் தேறிய, புகைக்காதவர்களின் இறப்பு விகிதம் அட்டவணையைவிடக் குறைவாக இருக்கும் என்பதால் அதற்கும் கழிவு உண்டு. ஆகவே சந்தையில் சொல்லப்படும் விலை மேலே கண்ட எண்களுடன் அப்படியே பொருந்தாது. ஆனால் விலை ஏறும் விதம் இதுதான்.

நடைமுறையில் பிரீமியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக இருக்கும். இளமையில் செலவைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்கி, அந்த மிச்சத்தைக் கையிருப்பாக வைத்து, முதுமையில் ஏற்படும் கூடுதல் செலவை நிறுவனம் ஈடுசெய்கிறது. பாலிசி தொடங்கும் வயது குறைவாக இருந்தால் காலம் முழுவதும் பிரீமியம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

வரலாறு

வயதுக்கேற்ற விலை என்பது பழைய கருத்து. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1693இல் பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஓர் ஆயுள் அட்டவணை அமைத்தார். 1762இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஈக்விடபிள் சங்கம் வயதின் அடிப்படையில் கணக்கிட்டு, நிலையான பிரீமியம் வாங்கத் தொடங்கியது.

இந்தியாவில் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1818இல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல் நிறுவனமாகும். சென்னை மாகாணத்தில் 1829இல் மெட்ராஸ் ஈக்விடபிள் தொழில் தொடங்கியது. இவை முதன்மையாக ஐரோப்பியர்களுக்காக ஏற்பட்டவை. இந்தியர்களின் உயிர் தரம் குறைந்த உயிராகக் கருதப்பட்டு, அவர்களிடம் கூடுதல் பிரீமியம் வசூலிக்கப்பட்டது. 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்தியர்களுக்கும் வழக்கமான விலையில் காப்பீடு தந்த முதல் இந்திய நிறுவனமாகும்.

பின்னர் உள்நாட்டு நிறுவனங்கள் பல தோன்றின. அவற்றுள் ஒன்று 1906இல் சென்னையில் தொடங்கிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம். அண்ணா சாலையில் அந்நிறுவனத்துக்காகக் கட்டத் தொடங்கப்பட்ட மாளிகையே 1959இல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறக்கப்பட்டது. இடையில் 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டு, 245 நிறுவனங்களும் சங்கங்களும் இணைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் எல்.ஐ.சி. உருவாகியிருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் சட்டத் தகுதி பெற்றது. 2000 முதல் தனியார் நிறுவனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

எந்த வேறுபாட்டை விலையில் காட்டலாம் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. பெண்களின் இறப்பு விகிதம் குறைவாக இருப்பதால் இந்தியாவில் அவர்களுக்கு ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் பொதுவாகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 2011இல் அதன் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 2012 டிசம்பர் 21 முதல் புதிய ஒப்பந்தங்களில் ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே விலைதான்.

உடல்நிலையும் பழக்கங்களும்

சிறு தொகைப் பாலிசிகளைப் பல நேரங்களில் மருத்துவப் பரிசோதனை இல்லாமலே தருவர். தொகை கூடக்கூட, வயது ஏற ஏற, பரிசோதனைகளும் கூடும். இரத்தச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, இ.சி.ஜி., டிரெட்மில் சோதனை ஆகியவை வழக்கமானவை. உயரத்துக்கேற்ற எடையும், பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இளம் வயதில் இதய நோயோ புற்றுநோயோ வந்ததா என்பதும் கேட்கப்படும்.

பரிசோதனையில் குறை தெரிந்தால் நிறுவனம் நான்கில் ஒரு முடிவை எடுக்கும்: வழக்கமான விலையில் ஏற்பது, கூடுதல் விலையில் ஏற்பது, சில மாதங்கள் ஒத்திவைப்பது, மறுப்பது. சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இருப்பதாலேயே பாலிசி கிடைக்காது என்று பலர் எண்ணுகின்றனர். மருந்தால் கட்டுப்பாட்டில் உள்ள நோய்க்குப் பெரும்பாலும் கூடுதல் பிரீமியத்துடன் பாலிசி கிடைக்கும். ஒரு நிறுவனம் மறுத்ததை மற்றொரு நிறுவனம் ஏற்பதும் உண்டு.

புகையிலை விலையைப் பெரிதும் உயர்த்தும் காரணியாகும். சிகரெட் மட்டுமன்றி பீடி, சுருட்டு, வாயில் மெல்லும் புகையிலை ஆகியவையும் இதில் அடங்கும். பெருந்தொகைப் பாலிசிகளில் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் கோட்டினின் என்ற பொருள் தேடப்படுகிறது. நிக்கோட்டின் உடலில் மாற்றமடைந்து உண்டாகும் பொருள் அது. "எப்போதாவது ஒன்று" என்று சொல்பவரும் புகைப்பவர் பட்டியலில்தான் சேர்க்கப்படுவார்.

தொழிலும் வருமானமும்

நீலகிரி மாவட்டம் குன்னூர் வட்டத்தில் உள்ள ஜெகதளா பகுதியை எடுத்துக்கொண்டால் இந்தக் காரணி எளிதில் விளங்கும். அங்குள்ள மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். அருகிலேயே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. சற்றுத் தள்ளி வெலிங்டன் ராணுவ மையம். அப்பகுதியில் வாழும் 35 வயதுடைய மூவர் ஒரு கோடி ரூபாய்க்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம்.

முதலாமவர் பள்ளி ஆசிரியர். சம்பளச் சீட்டு உண்டு. தொழிலில் ஆபத்து இல்லை. வழக்கமான விலையே அவருக்குச் சொல்லப்படும்.

இரண்டாமவர் வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர். இங்கே நிறுவனம் தொழிற்சாலையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாது. அவர் செய்யும் வேலையைப் பார்க்கும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கும் வெடிபொருளைக் கையாள்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. தொழில் ஆபத்துக்கான கூடுதல் கட்டணம் பெரும்பாலும் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று சேர்க்கப்படும். ஆயிரத்துக்கு 2 ரூபாய் என்பது ஒரு லட்சத்துக்கு 200 ரூபாய்தான்; ஒரு கோடிக்கோ ஆண்டுக்கு 20,000 ரூபாய். பெருந்தொகையில் சிறு விகிதமும் பெரிய செலவாகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. சுரங்கம், ஆழ்கடல் மூழ்குதல், விமானம் ஓட்டுதல் போன்றவற்றுக்கும் இத்தகைய கேள்விகள் உண்டு.

மூன்றாமவர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயி. அவருடைய உடல் உறுதியானது, புகைப்பழக்கம் இல்லை. ஆனால் அவருக்கே அதிகச் சிக்கல் ஏற்படக்கூடும். காரணம் வருமானச் சான்று.

காப்பீட்டில் ஒரு விதி உண்டு: இறப்பினால் குடும்பம் இழக்கும் வருமானத்தை ஈடுசெய்யலாமே தவிர, அதைவிட மிகுதியாகத் தரக்கூடாது. உயிருடன் இருப்பதைவிட இறந்தால் ஆதாயம் என்ற நிலை ஏற்படக்கூடாது என்பதே காரணம். ஆகவே ஒவ்வொரு நிறுவனமும், ஆண்டு வருமானத்தின் இத்தனை மடங்கு வரை என்று வயதுக்கேற்ப ஓர் உச்சவரம்பு வைத்துள்ளது. இளையவருக்கு மடங்கு கூடுதல். ஓய்வை நெருங்கியவருக்குக் குறைவு. ஏற்கெனவே உள்ள பாலிசிகளின் தொகையும் இந்த வரம்பில் கணக்கிடப்படும்.

பச்சைத் தேயிலை விற்பவரின் வருமானம் முழுவதும் வேளாண் வருமானம். அதற்கு மத்திய வருமான வரி இல்லை. ஆகவே பலர் கணக்குத் தாக்கல் செய்வதில்லை. (தாம் பயிரிட்ட இலையைத் தாமே தூளாக்கி விற்பவருக்கு வருமானத்தில் 60 சதவீதம் வேளாண்மையாகவும், 40 சதவீதம் வரிக்குரிய வணிகமாகவும் கொள்ளப்படும்.) வரிக் கணக்கு இல்லாத விவசாயி, நிறுவனம் கேட்கும் பிற சான்றுகளைத் திரட்ட வேண்டியிருக்கும்: தொழிற்சாலை தந்த இலைக்கான ரசீதுகள், வங்கிக் கணக்கில் பணம் வந்த பதிவு, நிலப் பட்டா போன்றவை. வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் வேளாண் வருமானத்தைக் காட்டி ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்துவந்தால் அது பிற்காலத்தில் பயன்படும். இலையின் விலை வீழ்ந்த ஓர் ஆண்டின் கணக்கை மட்டும் காட்டாமல் மூன்று ஆண்டுக் கணக்கைத் தருவது நல்லது.

பாலிசியின் வகையும் காலமும்

ஒரே காப்புத் தொகைக்கு மிகக் குறைந்த விலை காலவரைக் காப்பீட்டுக்குத்தான். டேர்ம் பாலிசி எனப்படும் இதில், காலத்துக்குள் இறந்தால் மட்டுமே பணம். உயிருடன் இருந்தால் எதுவும் திரும்ப வராது. எண்டோமென்ட் பாலிசியில் முதிர்வுத் தொகையும் உண்டு என்பதால் பிரீமியம் பல மடங்கு உயரும். அதில் பெரும்பகுதி சேமிப்பே. கட்டிய பிரீமியம் திரும்பக் கிடைக்கும் டேர்ம் பாலிசியும் இலவசமன்று. திருப்பித் தரும் தொகைக்காகத் தொடக்கம் முதலே கூடுதலாக வாங்கிக்கொள்வர்.

காலம் நீண்டால் விலை கூடும். 60 வயது வரை மட்டும் காப்பு பெறுவதற்கும் 85 அல்லது 99 வயது வரை பெறுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. ஏனெனில் இறப்பு விகிதம் கூடுதலான ஆண்டுகள் அதில் சேர்கின்றன. பிள்ளைகள் வேலைக்குப் போய், கடனும் அடைந்துவிட்ட வயதில் அந்தக் காப்பு தேவையா என்று சிந்திக்க வேண்டும். விபத்து மரணம், கடும் நோய் போன்ற கூடுதல் காப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு.

தவணை முறையும் விலையைத் தொடும். எல்.ஐ.சி.யின் பல வழக்கமான திட்டங்களில் ஆண்டுத் தவணைக்கு 2 சதவீதமும் அரையாண்டுத் தவணைக்கு 1 சதவீதமும் கழிவு உண்டு.

தொகை பெரிதானால் மலிவா?

காப்புத் தொகை இரு மடங்கானால் பிரீமியம் அப்படியே இரு மடங்காவதில்லை. விண்ணப்பத்தைப் பதிவது, பாலிசி அச்சிடுவது, கணக்கு வைப்பது போன்ற செலவுகள் தொகையைச் சார்ந்தவை அல்ல. ஆகவே ஆயிரம் ரூபாய்க்கான விலை பெரிய பாலிசியில் குறையும். இதைப் பெருந்தொகைக் கழிவு என்பர். முத்திரை வரி மட்டும் தொகைக்கு நேர்விகிதத்தில், ஆயிரத்துக்கு 20 காசு வீதம், ஒரு கோடிக்கு 2,000 ரூபாய் ஆகும்.

ஆனால் ஓர் எல்லைக்கு மேல் நிலைமை மாறும். ஒரே மனிதரின் உயிருக்கு மிகப் பெரிய தொகையைப் பொறுப்பேற்க எந்த நிறுவனமும் விரும்பாது. தான் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மேற்பட்டதை மறுகாப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும். அப்போது மறுகாப்பீட்டாளரின் விதிகளும் விலையில் நுழையும். கூடுதல் பரிசோதனைகள், தணிக்கை செய்த கணக்குகள், சொத்து விவரங்கள் கேட்கப்படும். 2014இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒருவருக்கு 20.1 கோடி டாலருக்கு எழுதப்பட்டு கின்னஸ் பதிவில் இடம்பெற்ற பாலிசியைப் பல நிறுவனங்கள் பகிர்ந்தே ஏற்றன.

வரி

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. அதற்கு முன் டேர்ம் பாலிசிக்கு 18 சதவீத வரி இருந்தது. 20,000 ரூபாய் பிரீமியத்தில் 3,600 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. இறப்பினால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகைக்கு வருமான வரி இல்லை. ஆனால் சேமிப்பு வகையில், 2023 ஏப்ரல் 1க்குப் பின் எடுத்த பாலிசிகளின் ஆண்டுப் பிரீமியம் மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டினால், முதிர்வுத் தொகைக்கான வரிவிலக்கு அந்த வரம்புக்கு மேற்பட்ட பாலிசிகளுக்குக் கிடைக்காது. சந்தை சார்ந்த யூலிப் பாலிசிகளுக்கு இந்த வரம்பு 2.5 லட்சம், அது 2021 பிப்ரவரி முதல் எடுத்தவற்றுக்குப் பொருந்தும்.

உண்மையை மறைப்பதன் விலை

பிரீமியத்தைக் குறைக்கச் சிலர் தவறான வழியொன்றை நாடுகின்றனர்: பீடி பிடிப்பதை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதை, வேறு பாலிசி இருப்பதைச் சொல்லாமல் விடுவது. சில நேரங்களில் முகவரே "அதெல்லாம் எழுத வேண்டாம்" என்று சொல்வதும், படிவத்தை அவரே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்குவதும் உண்டு. இதனால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்; ஆனால் கோடி ரூபாய் கேள்விக்குறியாகும்.

காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பின், இப்படிச் சொல்கிறது: பாலிசி தொடங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் மோசடியோ முக்கிய உண்மை மறைப்போ தெரிந்தால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். மோசடி நோக்கமில்லாத தவறு என்றால் கட்டிய பிரீமியம் திருப்பித் தரப்படும். மூன்று ஆண்டுகளுக்குப் பின் எந்தக் காரணத்தாலும் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. இதைக் கேட்டு, "மூன்று வருடம் கடந்தால் போதும்" என்று கணக்குப் போடுவது ஆபத்தானது. மரணம் அந்த மூன்று ஆண்டுகளுக்குக் காத்திருப்பதில்லை. தவணை தவறிக் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் மூன்று ஆண்டுக் கணக்கும் புதிதாகத் தொடங்கும்.

பிற பாலிசிகளை மறைப்பது குறித்து உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் அறியத்தக்கவை. 2019இல், இரண்டு மாதங்களுக்கு முன் வேறு நிறுவனத்தில் எடுத்த பாலிசியைச் சொல்லாமல் விட்டது முக்கிய உண்மை மறைப்பே என்று கூறி, நிறுவனம் பணம் தர மறுத்ததை நீதிமன்றம் ஏற்றது. 2025இல், பெரிய பாலிசியைக் குறிப்பிட்டுச் சில சிறிய பாலிசிகளை விட்டுவிட்ட வழக்கில், அது நிறுவனத்தின் முடிவை மாற்றக்கூடியதல்ல என்று குடும்பத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. முடிவை மாற்றக்கூடிய உண்மை எதுவோ அதுவே முக்கிய உண்மை. எது முக்கியம் என்று நாமே தீர்மானிப்பதைவிட, கேட்டவை அனைத்தையும் எழுதிவிடுவதே பாதுகாப்பானது.

நம் கையில் உள்ளவை

வயதையும் குடும்ப நோய் வரலாற்றையும் யாராலும் மாற்ற முடியாது. கீழ்க்கண்டவை நம் கையில் உள்ளன.

1. தேவை இருக்குமானால் தள்ளிப்போடாமல் இளம் வயதிலேயே எடுப்பது.
2. தேவையான தொகையை முதலில் கணக்கிடுவது: அடைக்க வேண்டிய கடன், பிள்ளைகளின் படிப்பு, குடும்பத்தின் ஆண்டுச் செலவு, இருக்கும் சேமிப்பு.
3. சேமிப்பையும் காப்பையும் தனித்தனியாகப் பிரித்து விலை பார்ப்பது.
4. புகையிலையை விடுவது. குறிப்பிட்ட காலம் விட்டபின் புகைக்காதவர் விலையில் விண்ணப்பிக்க முடியும்.
5. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் ஒரே காலம், ஒரே தொகை, ஒரே வகைக்கு விலை கேட்டு ஒப்பிடுவது.
6. படிவத்தைத் தாமே நிரப்புவது. பாலிசி வந்ததும் அதிலுள்ள பதில்களைப் படித்துப் பார்ப்பது. பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம்.
7. தவணை தவறாமல் கட்டுவது. மாதத் தவணைக்கு 15 நாளும் மற்றவற்றுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு.

கடன் வாங்கித் தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம். அதன் 6ஆம் பிரிவின்படி மனைவி, பிள்ளைகளின் நலனுக்காக ஒருவர் தம் உயிர்மீது எடுக்கும் பாலிசியின் பணம் கடன்காரர்களுக்குப் போகாது; கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கில் எடுத்திருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இதற்காகப் பிரீமியம் கூடுவதில்லை. விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

பாலிசி இருக்கும் இடமும் எண்ணும், நியமனதாரர் யார் என்பதும் வீட்டில் மற்றொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கும் நாளில் பாலிசி எடுத்தவர் உடனிருக்க மாட்டார்.